விற்கப்போகிற வண்டிதானே

பலாக்கொல்லை, ஜவ்வாது மலை
11 ஜூன் 2024

அன்புத் தம்பி டெனிஸுக்கு,

கர்த்தர் கிருபையில் நான் நலம். மூட்டுவலி என்னைவிட நலம். ஆஷாவுக்கு பிரஷர் குறைந்ததா? உப்பைக் குறைக்கச் சொல். நீ ஊறுகாய் பாட்டிலை மேஜைமேல் வைத்துக்கொண்டு அவளுக்கு உபதேசம் செய்யாதே.

இங்கே வைத்த செல்போன் டவர் ஜனவரியிலிருந்து சும்மா நிற்கிறது. அதனால்தான் கடிதம். சந்தை ஜீப் ஓட்டுகிற பூவராகன் கீழே போகும்போது போளூரில் தபாலில் போடுவார். நீ பதில் போட்டாலும் போளூர் மருந்துக்கடைக்குப் போடு, அவரே மேலே கொண்டுவருவார். நல்ல மனிதர். செவ்வாயும் வெள்ளியும் இந்த மலைக்கு அவர்தான் பஸ், அவர்தான் போஸ்ட்மேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மிஷன் கிளினிக்கின் பழைய ஜீப்பில் பிரேக் பெடலை மிதித்தால் பாதிவரை கீழே போய்விடுகிறது. மாஸ்டர் சிலிண்டரும் நான்கு வீல் சிலிண்டரும் போய்விட்டன என்கிறார் மெக்கானிக். புது வண்டி ஜூலையில் வருகிறது. இதை வாங்க ஆரணியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பிரேக்கைச் சரிசெய்து கொடுங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்றார். விற்கப்போகிற வண்டிதான். ஆனாலும் நல்ல சாமானாக அனுப்பு. என் தம்பி கடையில் டூப்ளிகேட் வாசற்படி ஏறாது என்று பாஸ்டர் ஐயாவிடம் பெருமை அடித்துவிட்டேன்.

ஜெபத்தில் உங்களை நினைக்கிற
உன் அக்கா ஜோசலின்

*

முடிச்சூர் ரோடு, மேற்குத் தாம்பரம்
18 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். ஊறுகாய் விஷயத்தை உனக்கு யார் போட்டுக்கொடுத்தது? ஆஷா சிரிக்கிறாள், அப்போது அவள்தான்.

ஐந்து பெட்டிகளையும் ஒரே அட்டைப்பெட்டியில் கட்டி கிளாம்பாக்கத்தில் போளூர் பஸ்ஸில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதமும் அதற்குள்தான். பெட்டிகள் சீல் போட்டபடியே இருக்கட்டும். மெக்கானிக் பிரித்த பிறகும் காலிப் பெட்டிகளைத் தூக்கிப் போடாதே, வண்டி வாங்க வருகிறவரிடம் காட்டு. பழைய ஜீப் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பார்த்தாலே மயங்கிவிடுவார்கள். மேடவாக்கத்து ஐ.டி. பையன்கள் ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்து ஸ்டிக்கரைத்தான் முதலில் தடவிப் பார்க்கிறார்கள்.

எந்தத் தேதியில் விற்கிறீர்கள்? சாமான் மாட்டியதும் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுதால் ஒன்று மாற்றி ஒன்று ரிப்பேர் வரும். தேதி எழுது.

அன்புடன்
டெனிஸ்

*

பலாக்கொல்லை
9 ஜூலை 2024

அருமைத் தம்பிக்கு,

எல்லாரும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. காய்ச்சல்காரர்கள் வரிசை வாசலைத் தாண்டுகிறது.

மாட்டியாகிவிட்டது! பெடலைத் தொட்டால் வண்டி ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. மெக்கானிக் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒரிஜினல்னா ஒரிஜினல்தாம்மா" என்றார். எனக்கு ஒரே பெருமை.

இன்னொரு செய்தி. புது வண்டி இந்த வருஷம் இல்லையாம், வேறு ஊருக்குப் போய்விட்டது. பாஸ்டர் ஐயாவுக்கு முகம் தொங்கிவிட்டது. நான் சொன்னேன், "கவலைப்படாதீங்க, பிரேக்கெல்லாம் புதுசு, இன்னும் பத்து வருஷம் ஓடும்." விற்பதை நிறுத்திவிட்டோம். இனி இதுதான் எங்கள் ஆம்புலன்ஸ். போன வியாழக்கிழமை பிரசவ வலியோடு ஒரு பெண்ணைப் படுக்கவைத்து அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கினோம். தாயும் பிள்ளையும் நலம். உனக்கும் அதில் பங்கு உண்டு.

அன்புடன்
அக்கா

*

மேற்குத் தாம்பரம்
13 ஜூலை 2024

அக்கா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

ஏன் விற்பதை நிறுத்தினீர்கள்? ஆரணிக்காரர் தயாராக இருந்தாரே!

சரி, கவனமாகக் கேள். நான் அனுப்பிய சாமானில் அந்த லாட் முழுவதும் சின்னக் கோளாறு என்று கம்பெனியிலிருந்து தகவல். திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் வேறு செட் இதோடு அனுப்பியிருக்கிறேன், பாரிமுனைக்குப் போய் நானே கையால் பார்த்து எடுத்தது. தயவுசெய்து பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டு. மாட்டும்வரை வண்டியில் மலை இறங்காதே. யாரையும் ஏற்றாதே. கழற்றியதை எனக்கே திருப்பி அனுப்பு. தயவுசெய்து, அக்கா.

பயப்பட ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரர்கள் இப்படித்தான், சும்மா எதையாவது கிளப்பிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இந்த வாரமே மாட்டிவிடு.

டெனிஸ்

*

மேற்குத் தாம்பரம்
27 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? பதினான்கு நாளாகப் பதில் இல்லை. பார்சல் வந்ததா? கிளாம்பாக்கத்தில் அந்த பஸ் கண்டக்டரைப் பிடித்துக் கேட்டேன். "போளூர்ல எறக்கிட்டேன் சார், சும்மா சும்மா வந்து பேஜார் பண்ணாத" என்றார். உன் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன், கிடைக்காது என்று தெரிந்தும்.

கடையில் உட்கார முடியவில்லை. கஸ்டமர் கிளட்ச் பிளேட் கேட்டால் ஃபேன் பெல்ட்டை எடுத்து வைக்கிறேன். "என்ன பறிகொடுத்தாப்ல இருக்கீங்க?" என்கிறாள் ஆஷா. செவ்வாய்க்கிழமை போளூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகூட விட்டேன். வண்டி கிளம்பும் முன் இறங்கிவிட்டேன். கடையில் ஆள் இல்லை.

மாட்டிவிட்டாயா? ஒரே வரி எழுது, போதும்.

டெனிஸ்

*

பலாக்கொல்லை
5 ஆகஸ்ட் 2024

டேய் டெனிஸ்,

நான் சுகம், கிளினிக் சுகம், ஜீப்பும் சுகம். நீதான் சுகமாக இருப்பதாகத் தெரியவில்லை.

பாதை சரிந்து மூன்று வாரம் மேலே எதுவும் வரவில்லை. உன் இரண்டு கடிதங்களையும் பார்சலையும் பூவராகன் நேற்றுதான் ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டி நனையக்கூடாது என்று தன் சட்டையைக் கழற்றிச் சுற்றியிருந்தார்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். "நல்லா வேல செய்யுறத ஏம்மா கழட்டணும்? ஒங்க தம்பிக்கு வேற வேல இல்லையா?" என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். ஒரே கடிதத்தில் இரண்டு 'தயவுசெய்து'! நீ என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கோளாறு சின்னது என்கிறாய், ஆனால் யாரையும் ஏற்றாதே என்கிறாய். கடையில் ஆள் இல்லை என்று பஸ்ஸிலிருந்து இறங்கினாயாம். ஆஷா எங்கே போனாள்? நாலு வருஷமாகக் கடையில் உட்கார்வது அவள்தானே?

நான் உன் அக்கா. உன் பொய்க்குப் பால்பல் முளைத்த நாளிலிருந்து எனக்கு அதைத் தெரியும். என்ன மறைக்கிறாய்? நேராக எழுது.

ஜோசலின்

*

மேற்குத் தாம்பரம்
12 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

சுகம் விசாரித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். இந்த ஒரு தடவை விட்டுவிடு.

நான் முதலில் அனுப்பியது டூப்ளிகேட். தெரிந்தே அனுப்பினேன்.

போன வருஷத்திலிருந்து கடையில் டூப்ளிகேட்டும் வைத்திருக்கிறேன். கூடுவாஞ்சேரியில் பென்னி என்று ஒரு ஆள் கோடவுன் வைத்திருக்கிறான். பழைய ஜீப்புக்கு ஒரிஜினல் கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஆர்டர் போட்டால் மாதக்கணக்கில் வராது. அதற்குள் கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறான். பென்னி முதல் நாள் வந்தபோது திருப்பி அனுப்பினேன். இரண்டாம் தடவை வந்து பெட்டியை என் மேஜைமேல் வைத்தான். "இன்னா சார், இதுக்குப் போயி இவ்ளோ யோசிக்கிற? ஸ்டிக்கர பாரு. கம்பெனிக்காரனே அசந்துடுவான். உள்ள இன்னா கீதுன்னு எவன் சார் தொறந்து பாத்துகினு கீறான்?" என்றான். நான் ஸ்டிக்கரைப் பார்த்தேன். வாங்கிக்கொண்டேன்.

அதில் உலோகம்கூட ஓரளவு பரவாயில்லை, ரப்பர்தான் மோசம். பிரேக் ஆயிலில் ஊறி உப்பிவிடும். முதல் மாதம் ஒரிஜினலைவிட நன்றாகப் பிடிக்கும். அப்புறம் ஒருநாள் பெடல் தரைவரை போகும். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகாது. எனக்கு இது தெரியும், அக்கா. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

நீ கேட்ட செட் ஒரிஜினலாகவே ஒன்று என்னிடம் இருந்தது. அதை பெரும்பாக்கத்திலிருந்து வந்த ஒரு பழைய கஸ்டமருக்கு எடுத்துவைத்தேன். உனக்குப் பென்னியின் பெட்டியைக் கட்டும்போது ஆஷா பார்த்துவிட்டாள். "அக்காவுக்கா இத அனுப்புறீங்க?" என்றாள். "அக்காவுக்கு இல்ல ஆஷா, விற்கப்போற வண்டிதானே? வாங்கப்போறவன் எவனோ ஒருத்தன்" என்றேன். அவள் கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ விற்கவில்லை என்று எழுதினாய். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை முடிச்சூர் ரோட்டில் நடந்தேன் என்று தெரியாது. கம்பெனி, லாட், கோளாறு எல்லாம் புளுகு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்து இறங்கினேன். கோழைப்பயல் நான்.

இப்போதே மாட்டு. என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்.

டெனிஸ்

*

பலாக்கொல்லை
15 ஆகஸ்ட் 2024

டெனிஸ்,

உன் கடிதத்தைக் கொடியேற்றம் முடிந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பூவராகன் கொண்டுவந்து கொடுத்தார். மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "தம்பி லெட்டர்ம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் பிரித்தேன்.

எங்கள் ஜீப்புக்கு ஆபத்து இல்லை. போன கடிதத்தைத் தபாலுக்குக் கொடுத்த பிறகும் உன் இரண்டு 'தயவுசெய்து' என்னைத் தூங்கவிடவில்லை. ஏழாம் தேதி மெக்கானிக்கை வற்புறுத்தி உன் இரண்டாவது செட்டை மாட்டவைத்தேன்.

கழற்றியதை உனக்கு அனுப்பவில்லை. சின்னக் கோளாறு, கம்பெனிக்காரன் சும்மா கிளப்புகிறான் என்று நீதானே எழுதினாய்? புதிதுபோல் இருந்தது. கம்பெனிக்காரன் வாங்கிக் குப்பையில்தானே போடப்போகிறான் என்று நினைத்தேன். இந்த மலையில் எதையும் யாரும் தூக்கிப் போடுவதில்லை. பூவராகன் வண்டியும் அதே மாடல். அவர் பிரேக் கத்துகிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பார்சலைச் சுமக்கிற மனிதருக்கு நான் செய்கிற உபகாரமாக இருக்கட்டும் என்று கொடுத்தேன். மெக்கானிக் அன்றைக்கே மாட்டிவிட்டார்.

படித்ததும் ஓடினேன். இந்த மூட்டுவலியை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மேடுவரை ஓடினேன். ஜீப் போய்விட்டது. இன்று மேல்பட்டில் தங்கி, நாளை வெள்ளிக்கிழமை அங்கிருந்து சந்தைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு நேராக இறங்குவார். மேல்பட்டுப் பாலம் உடைந்து கிடக்கிறது, எங்கள் ஜீப் போகாது. அவர் வண்டி ஓடையில் இறங்கி ஏறிவிடும், எங்கள் டிரைவருக்கு அந்தத் துணிவு இல்லை. நடந்துபோக ஆள் தேடினேன், கரடி திரிகிற காடு, இருட்டுவதற்குள் போய்ச்சேர முடியாது என்கிறார்கள். எப்போதும் எட்டு மணிக்குத்தான் கூட்டுரோட்டைத் தாண்டுவார். எங்கள் நர்ஸ் சுஜியை ஆறு மணிக்கே அங்கே நிறுத்தப்போகிறேன். இந்தக் கடிதமும் அவள் கையில்தான்.

நீ கழற்றச் சொன்ன கடிதத்திலேயே உண்மையை எழுதியிருந்தால் அந்தச் சாமானை நானே பாறையில் போட்டு உடைத்திருப்பேன். ஜெபம் செய்.

ஜோசலின்

*

வேலூர்
22 ஆகஸ்ட் 2024

டெனிஸ்,

சுஜி ஆறு மணிக்குக் கூட்டுரோட்டில் நின்றாள். ஜீப் விடியும் முன்பே இறங்கிவிட்டது.

அன்று ஆடிக் கடைசி வெள்ளி. கூழ் ஊற்றப் போகிற பெண்கள் சீக்கிரம் போக வேண்டும் என்று கேட்டதால் பூவராகன் இருட்டிலேயே எடுத்துவிட்டார். இந்த மலையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற நாள். எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டில் யார் ஆடியைக் கணக்கு வைத்தோம்? பதினோரு வருஷம் இவர்களோடு இருக்கிறேன், இவர்கள் காலண்டரை ஒருநாள் எட்டிப் பார்க்கவில்லை. அது என் பாவம். மற்றது உன்னுடையது.

ஏழாவது வளைவில் பெடல் தரைவரை போயிருக்கிறது. பள்ளத்துப் பக்கம் விடாமல் வண்டியை மலைச்சுவரோடு உராயவிட்டு நிறுத்தியிருக்கிறார். உள்ளே இருந்த பதினான்கு பேருக்கும் சிராய்ப்பு, ஒரு கை முறிவு, அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் அவர் கால். வலது கால். இங்கே கொண்டுவந்து முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான்தான் கூட இருக்கிறேன்.

அவர் மனைவி காந்திமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தம்பி அனுப்பியது, கெட்டது என்று தெரிந்தே அனுப்பியது என்று சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அவர் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்: "அந்தத் தம்பிக்கு எங்கள யாருன்னே தெரியாதேம்மா. எங்க மேல என்னம்மா கோவம்?"

அந்தக் கேள்வி உனக்கு. நீ சொல். என்னிடம் அல்ல.

மன்னிப்பு கேட்டு எனக்கு எழுதாதே. இப்போது என்னிடம் இல்லை. ஆஷாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

ஜோசலின்

*

மேற்குத் தாம்பரம்
2 செப்டம்பர் 2024

பூவராகன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சுகத்தை விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. அதனால் விசாரிக்காமலே தொடங்குகிறேன்.

நான் ஜோசலின் சிஸ்டரின் தம்பி. நீங்கள் மழையில் சட்டையைக் கழற்றிச் சுற்றிக் கொண்டுபோன பார்சல் நான் அனுப்பியது. உங்கள் வண்டியில் இருந்த பிரேக் சாமானும் நான் அனுப்பியது. அது கெட்ட சாமான் என்பது அதைக் கட்டும்போதே எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை வேலூர் வந்தேன். வார்டு வாசலில் உங்கள் மனைவி தரையில் உட்கார்ந்து தேங்காய்ப் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பாதியை மடித்து உங்களுக்கு வைத்தார். என்னைப் பார்த்து, "யாரப் பாக்கணும் சார்?" என்றார். நான் வார்டு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அதுவும் ஒரு பொய்தான். அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தக் கெட்ட சரக்கில் மீதி இருந்ததை என் மனைவி ஆஷாவும் நானும் சம்மட்டியால் உடைத்தோம். நான் விற்றவர்களில் நம்பர் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். சிலர் வந்து கழற்றிக் கொடுத்தார்கள். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். நான்கு பேருடைய பெயரோ நம்பரோ என்னிடம் இல்லை. கேட்டு வைக்கத் தோன்றவில்லை. தினமும் இரும்புலியூர் சிக்னலில் போய் நிற்கிறேன். பழைய ஜீப் எது வந்தாலும் கையைக் காட்டி நிறுத்தி, பிரேக் சாமான் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறேன். "யோவ், உனக்கு இன்னாயா வந்துச்சி?" என்று ஒருவர் கேட்டார். நேற்றுவரை அந்த நான்கு பேரில் ஒருவரும் கிடைக்கவில்லை.

உங்கள் மேல் எனக்கு என்ன கோபம் என்று உங்கள் மனைவி கேட்டாராம். கோபம் இல்லை, அம்மா. நீங்கள் இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்பதால் இருவருக்குமாகவே எழுதுகிறேன். என் அக்கா அந்த வண்டியில் போவாள் என்று தெரிந்திருந்தால் அதை அனுப்பியிருக்க மாட்டேன். தெரிந்ததும் துடித்துப் போனேன். வேறு யாரோ போவார்கள் என்று நினைத்த மூன்று வாரமும் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். உங்களுக்குச் செய்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறேன். இந்த முறை என் பெயரைச் சொல்வேன். பார்ப்பதும் விரட்டுவதும் உங்கள் இஷ்டம். விபத்தைப் பற்றி விசாரிக்க போலீஸ் வந்தால் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். யாரும் மறுக்க முடியாதபடி என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

ஞா. டெனிஸ்,
த/பெ ஞானையா,
டெனிஸ் ஆட்டோ ஸ்பேர்ஸ்,
முடிச்சூர் ரோடு, மேற்குத் தாம்பரம்.
காலை ஒன்பது மணியிலிருந்து கடையில்தான் இருப்பேன். அங்கே இல்லை என்றால் சிக்னலில்.